பூனையின் காதில் இருப்பது ஊத்தை இல்லை

யாழ்ப்பாணத்தில் எந்தக் குறிச்சியில் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான். பூனை ஓயாமல் காதைச் சொறிகிறது, தலையை உதறுகிறது, காதுக்குள் கறுப்பாக ஏதோ அப்பிக் கிடக்கிறது என்று சொன்னால், "அது ஊத்தை. ரெண்டு துளி எண்ணெய் விட்டுத் துடைச்சு விடுங்கோ, சரியாயிடும்" என்பார்கள். வட்டுக்கோட்டையிலும் இதுதான், பருத்தித்துறையிலும் இதுதான். சொல்பவர்கள் பூனையை வெறுப்பவர்கள் அல்லர். தாங்கள் சாப்பிட முதல் மீன் தலையை எடுத்து வைக்கிறவர்கள், குட்டி போட்டால் கடகத்தில் சீலை விரித்துக் கொடுக்கிறவர்கள். அவர்கள் சொல்வதால்தான் இந்தப் பிழை இவ்வளவு தூரம் நம்பப்படுகிறது. அதனால்தான் அதை வெளிப்படையாக மறுக்க வேண்டியும் இருக்கிறது.

அந்த ஒரு வரிப் பதிலுக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. கறுப்பாக இருப்பது ஊத்தை. எண்ணெய் விட்டுத் துடைத்தால் போய்விடும். இதற்கெல்லாம் மிருக வைத்தியரிடம் போகத் தேவையில்லை. மூன்றும் பிழை. நடுவில் உள்ளதில் பாதி உண்மை இருப்பதால் அதுவே மற்ற இரண்டையும்விடக் கூடுதலான கேட்டைச் செய்கிறது.

முதலில் அந்த ஊத்தையைப் பார்ப்போம். காலை வெயிலில் பூனையை மடியில் வைத்து, காதுமடலை மெல்லப் பின்னால் மடித்துப் பாருங்கள். சுகமான பூனையின் காது உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். கொஞ்சம் மெழுகு இருக்கலாம், நாற்றம் இராது. நோய் பிடித்த காதில் கோப்பி வடித்த பிறகு மிஞ்சும் மண்டியைப்போல, உலர்ந்து பொருபொருத்த கருங்கபில நிறத் தூள் அடைந்து கிடக்கும். அது வளவு மண்ணோ அடுப்புச் சாம்பலோ அல்ல. காதின் மெழுகு, உதிர்ந்த தோல், காய்ந்த இரத்தம், பூச்சியின் கழிவு எல்லாம் கலந்து காதுக்குள்ளேயே உண்டானது. அதில் ஒரு சிட்டிகையைப் பஞ்சில் எடுத்துக் கறுப்புக் கடதாசி ஒன்றில் தட்டி, வெயில் படும் இடத்தில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் கொஞ்ச நேரம் பொறுமையாகப் பாருங்கள். சூடு பட்டதும் வெள்ளைப் புள்ளிகள் சில ஊரத் தொடங்கும். ஊத்தை ஊராது.

ஊர்வது காதுச் சிற்றுண்ணி. ஒட்டோடெக்டெஸ் சைனோட்டிஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மிருக வைத்தியம் கற்பித்த எட்வார்ட் ஹெரிங் 1838இலேயே இதை விவரித்துவிட்டார். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், நீளம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. சொறி உண்ணியைப்போல இது தோலைத் துளைத்து உள்ளே போவதில்லை. காதுக்குழாயின் தோல்மேலேயே குடியிருந்து, உதிரும் தோலையும் கசியும் நீரையும் தின்று, அங்கேயே முட்டை இட்டுப் பெருகுகிறது. பூனைகளின் வெளிக்காது அழற்சியில் பாதிக்குப் பாதி இதனால்தான் வருகிறது என்று மிருக வைத்தியப் பாடநூல்கள் சொல்கின்றன. ஆக, நாம் ஊத்தை என்று சொல்லித் தட்டிக்கழிப்பது அபூர்வமான நோய் ஒன்றை அல்ல. பூனைக் காதுக்கு வருகிற நோய்களில் ஆகச் சாதாரணமானதை.

"சொறிஞ்சா என்ன, பூனை எண்டா சொறியத்தானே செய்யும்" என்று ஒரு கட்சி உண்டு. அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆகப் பெரிய சாட்சி அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட் என்ற ஊரில் மிருக வைத்தியராக இருந்த றொபேர்ட் லோபெஸ். தன்னிடம் கொண்டுவரப்பட்ட பூனையின் காதிலிருந்து உண்ணிகளோடு கூடிய அந்தக் கருந்தூளை எடுத்து, தன் சொந்தக் காதுக்குள் வைத்துக்கொண்டார் அவர். ஒரு முறை அல்ல, மூன்று முறை. அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் 1993இல் அந்த அனுபவம் வெளிவந்தது. மறு வருடம் அதற்கு இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. உலகம் சிரித்ததோடு நின்றுவிட்டது. நாம் சிந்திக்கும் பகுதிக்கு வருவோம்.

வைத்த உடனேயே காதுக்குள் பிறாண்டும் சத்தம் அவருக்குக் கேட்டது. பிறகு அவை ஊர்ந்து உள்ளே போகும் சத்தம், அதோடு கடி. பகலில் ஓரளவு அடங்கிக் கிடந்தவை இரவு வெகுநேரத்துக்குப் பிறகு தின்னத் தொடங்கின. நித்திரை இல்லாமல் போனது. முதல் முறை ஏறத்தாழ ஒரு மாதம் அந்த அவஸ்தை நீடித்தது. வாய் பேசாத மிருகத்தின் காதுக்குள் இரவில் என்ன நடக்கிறது என்று வாயுள்ள ஒருவர் எழுதிவைத்த சாட்சி இது. பகலில் விறாந்தையில் சுருண்டு கிடக்கும் பூனையைப் பார்த்து "அதுக்கு ஒண்டுமில்லை, நல்லாத்தான் கிடக்கு" என்று சொல்லும்போது, வீடே படுத்த பிறகு கோடியில் அது பின்னங்காலால் காதைக் கிழிப்பதை நாம் காண்பதில்லை. லோபெஸின் காதில் அவை தாமாக அழிந்தன. மனிதக் காது அவற்றுக்கு அந்நிய நிலம். பூனையின் காது அவற்றின் சொந்த ஊர்.

இனி எண்ணெய். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ பயனற்றது என்று நான் சொல்லவில்லை. காய்ந்து கெட்டியான தூளை எண்ணெய் இளக்கும், சில உண்ணிகளை மூச்சுமுட்டச் செய்து சாகடிக்கவும் செய்யும். பழைய மிருக வைத்திய நூல்களே சுத்தமான கனிம எண்ணெய் விடுவதை ஒரு வழியாகச் சொல்லியிருக்கின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். இட்ட முட்டை பொரிக்க நான்கு நாள் அளவில் எடுக்கும். பொரித்த குஞ்சு வளர்ந்து தானும் முட்டை இட மொத்தம் மூன்று கிழமை. வளர்ந்த உண்ணி இரண்டு மாதம்வரை உயிரோடு இருக்கும். நம் வீடுகளில் எண்ணெய் விடுவது எத்தனை நாள்? முதல் நாள் விடுவோம். இரண்டாம் நாள் பூனை கட்டிலுக்குக் கீழே ஒளிக்கும், இழுத்து எடுத்து விடுவோம். மூன்றாம் நாள் காது வெளியே பார்க்கத் துப்புரவாக இருக்கும், விட்டுவிடுவோம். உள்ளே முட்டைகள் அப்படியே இருக்கும்.

இரண்டு கிழமை கழித்துக் கறுப்பு திரும்ப வரும்போது என்ன சொல்கிறோம்? "பேந்தும் ஊத்தை பிடிச்சிட்டுது." இந்த இடத்தில்தான் அந்த நம்பிக்கையின் முழுக் கேடும் இருக்கிறது. நோய் என்று தெரிந்தவர், மருந்து தோற்றுவிட்டது என்று உணர்ந்து வேறு வழி தேடுவார். ஊத்தை என்று நம்புகிறவருக்கு வைத்தியம் தோற்றது தெரியவே தெரியாது. ஊத்தை பிடிப்பது இயல்பு, துடைப்பது நம் வேலை என்று அவர் வருடக்கணக்கில் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த வருடங்கள் முழுக்கப் பூனை இரவில் நித்திரை இல்லாமல் இருக்கும்.

துடைக்கும் விதமும் பிழை. பூனையின் காதுக்குழாய் நேரே கீழிறங்கிப் பிறகு உள்பக்கமாக மடங்குகிறது. பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டால் தூள் வெளியே வராது, மடிப்புக்குள் இன்னும் ஆழமாக இடித்து அடைக்கப்படும். பூனை திமிறினால் செவிப்பறையே போய்விடும். பூனையைத் துவாயில் சுற்றி, கையில் பட்டால் இதமாக இருக்கும் சூட்டில் எண்ணெய் சில துளி விட்டு, காதின் அடியை வெளியிலிருந்து மெல்லப் பிசைய வேண்டும். உள்ளே சளக் சளக் என்று கேட்கும். பிறகு விட்டுவிட்டால் அதுவே தலையை உதறி வெளியே எறியும். விரல் போகும் தூரத்துக்கு மட்டும் பஞ்சால் ஒற்றி எடுக்கலாம். இவ்வளவும் மருந்து போவதற்கு வழி திறப்பதுதான்; மருந்து அல்ல.

எண்ணெய் சரிவராதபோது நம்மவர்கள் கையில் எடுப்பதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மண்ணெண்ணெய். புகையிலை ஊறவிட்ட தண்ணீர். டெற்றோல். கற்பூரம் கரைத்த எண்ணெய். இவையெல்லாம் மூதாதையர் வைத்தியம் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. மாட்டுக்கென்று தனியே வாகடம் எழுதிவைத்த மரபு நம்முடையது. அந்த மிருகத்தின் உடலைப் பார்த்து, அதற்கு ஒத்ததைத் தேர்ந்து எழுதினார்கள். மாட்டின் முதுகில் பூசியதைப் பூனையின் காதில் ஊற்றுவது அந்த மரபைப் பின்பற்றுவது ஆகாது. மண்ணெண்ணெய் காதின் மெல்லிய தோலைப் பொசுக்கும். காதைத் துடைத்த பாதத்தைப் பூனை நக்கும்போது உள்ளே போகும். நுரையீரலுக்குள் இறங்கினால் உயிரோடு மீள்வது கடினம். புகையிலையின் நிக்கொட்டின் ஒரு நஞ்சு.

பூனையின் ஈரல் மற்ற மிருகங்களின் ஈரலைப்போல வேலை செய்வதில்லை. சில இரசாயனங்களை இணைத்துக் கழித்துவிடும் ஒரு நொதியத் திறன் அதற்கு மிகக் குறைவு. அதனால் டெற்றோலில் உள்ள பீனோல் வகைப் பொருள் மனிதத் தோலுக்குப் பாதுகாப்பாகவும் பூனைக்கு நஞ்சாகவும் இருக்கிறது. காது நோவுக்கு என்று அரைப் பனடோலை உடைத்துக் கொடுப்பதும் இதே காரணத்தால் பூனையைக் கொல்லும். அரைக் குளிசையே போதும். நாய்த் தெள்ளுக்கு என்று விற்கும் பெர்மெத்ரின் சேர்ந்த மருந்தும் அப்படித்தான். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். "நாய்க்குப் போட்டது மிச்சம் கிடக்கு, பூனைக்கும் போடுவம்" என்ற சிக்கனத்துக்கு உயிரைக் கொடுப்பது பூனைதான்.

நம்மவர்களை நான் ஒரேயடியாகக் குற்றம் சொல்ல மாட்டேன். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் குடாநாட்டில் மனிதருக்கே மருந்து இல்லை. மண்ணெண்ணெய் ஒரு போத்தலுக்கு அலைந்த சனம், சவர்க்காரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பாவித்த சனம். கையில் கிடைத்ததைக் கொண்டு காயத்தையும் காய்ச்சலையும் சமாளித்தார்கள். அந்தச் சமாளிப்பால்தான் பலர் உயிர் தப்பினார்கள். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும் அந்தப் பழக்கம் கைகொடுத்தது. அதை மதிக்கிறேன். ஆனால் வேறு வழி இல்லாதபோது செய்ததை, வழி இருக்கும்போதும் வைத்தியம் என்று சொல்லிக் கொடுப்பதை ஏற்க மாட்டேன்.

மருந்து உண்டு என்று அறிந்தவர்களிடம் இன்னொரு பிழை இருக்கிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசிமருந்தை வாங்கி, மட்டுக்கு மட்டாகப் பூனைக்கும் போட்டுவிடுகிறார்கள். நல்ல மருந்துதான். ஜப்பானின் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்தது. அதற்காக சதோஷி ஒமுராவுக்கும் வில்லியம் காம்பெலுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மாட்டுப் போத்தலில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கும். 50 கிலோ உடம்புக்கு ஒரு மில்லிலீற்றர் என்பது அளவு. அதே விகிதத்தில் 3 கிலோப் பூனைக்கு வருவது 0.06 மில்லிலீற்றர். ஊசிக்குழாயின் ஒரு சிறு கோட்டளவு. கண்மட்டத்துக்கு அரை மில்லிலீற்றர் ஏற்றினால் எட்டு மடங்குக்கும் மேல். குட்டிகள் மூளை பாதிக்கப்பட்டுத் தள்ளாடி விழுவதும் கண் தெரியாமல் போவதும் இப்படித்தான். நிறை பார்த்து அளந்து போட வேண்டியது மிருக வைத்தியரின் வேலை. பூனைக்கென்றே செய்த, பிடரித் தோலில் சொட்டுகிற செலமெக்டின், மொக்சிடெக்டின் வகை மருந்துகள் இன்று உண்டு. ஒரு தடவை, தேவையானால் ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. பூனையின் காதைத் தொடவே தேவையில்லாத அந்த மருந்து, மூன்று கிழமை எண்ணெய்ப் போராட்டத்தைவிட அதற்கும் நமக்கும் இலகு. உண்ணி காதைவிட்டுக் கழுத்திலும் வாலடியிலும் போய் இருப்பதுண்டு. பூனை சுருண்டு படுக்கும்போது வால் காதோடு சேர்ந்துதானே கிடக்கிறது. காதுக்குள் மட்டும் விடும் மருந்து அங்கே எட்டாது, உடம்பெங்கும் பரவும் மருந்து எட்டும்.

சொறிகிற பூனைக்கு மட்டும் மருந்து போடுவதும் ஊத்தை என்ற எண்ணத்தின் மிச்சம்தான். ஊத்தை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது, இது தொற்றும். தாய்ப் பூனையிடமிருந்து குட்டிக்கு, குட்டியிலிருந்து குட்டிக்கு, வளவு நாய்க்கும். சில பூனைகள் நான்கைந்து உண்ணிக்கே துடிக்கும். சில பூனைகள் காது நிறைய வைத்துக்கொண்டு ஒரு குறியும் காட்டாமல் திரியும். சொறியாத அந்தத் தாய்ப் பூனையை விட்டுவிட்டுக் குட்டிக்கு மட்டும் மருந்து போட்டால் அடுத்த மாதமே பழைய கதை. ஒரு வீட்டில் உள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட வேண்டும், அவை படுக்கும் சாக்கையும் சீலையையும் கொதிநீரில் அவித்து வெயிலில் போட வேண்டும்.

கறுப்பு எல்லாமே உண்ணி என்று நான் சொல்ல வரவில்லை. மதுவவகைப் பூஞ்சணத்தாலும் காது கருங்கபிலமாகும், குழாய்க்குள் சதை வளர்வதும் உண்டு. உண்ணி தொடங்கிவைத்த புண்ணில் பிறகு பக்டீரியா ஏறிச் சீழ் வடிந்து நாறுவதும் உண்டு. செவிப்பறை ஓட்டையாகி இருந்தால் சில காதுத் துளிகள் கேட்கும் திறனையே கெடுத்துவிடும். தலை ஒருபக்கம் சாய்ந்தபடி நடந்தாலோ, வட்டம் சுற்றினாலோ நோய் உட்காதுக்குப் போய்விட்டது. இவற்றையெல்லாம் வாசலில் நின்று வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து எவரும் தீர்மானிக்க முடியாது. காதுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும் கருவியும் ஒரு நுணுக்குக்காட்டியும் தேவை. இரண்டும் வைத்தியரிடம் உண்டு.

எங்கள் ஊர்க் கடுவன்களின் சுருண்ட காதுகளைப் பார்த்தால் "சண்டைக் காது" என்கிறோம். சில சண்டையால் வந்தவைதான். ஆனால் ஓயாத சொறியாலும் உதறலாலும் காதுமடலுக்குள் இரத்தக்குழாய் வெடித்து, மடல் முழுக்க இரத்தம் கட்டிப் பொம்மி, பார்க்க ஆளில்லாமல் தானாகவே வற்றிச் சுருங்குவதும் இந்த வடிவத்தைத்தான் கொடுக்கும். வீங்கிய மடலை ஊசியால் குத்தி விடுகிறவர்கள் அதற்குள் கிருமியையும் சேர்த்து விடுகிறார்கள்.

"பூனைக்கு டொக்டரோ?" என்ற கேள்வி கடைசியில் வரும். வட மாகாணக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் பிரதேசந்தோறும் கால்நடை வைத்திய அலுவலகங்கள் இருக்கின்றன. மாடும் ஆடும் கோழியுமாக நிற்கும் வரிசையில் பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு நிற்கக் கூச்சப்படுகிறோம். பசுவுக்குக் காட்டும் மரியாதை பால் தருவதற்கு என்றால், வீட்டு நெல்லையும் புத்தகத்தையும் எலியிடமிருந்து காத்த பூனைக்கு அந்த வரிசையில் இடம் இல்லையா? அப்படி ஒன்றும் காக்காத பூனைக்கும் இடம் உண்டு என்பதே என் எண்ணம். நோகிற உடம்புக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. காசுக் கணக்குத்தான் பார்ப்போம் என்றாலும், மூன்று வருடம் எண்ணெயும் பஞ்சும் வாங்கியதைவிட உரிய காலத்தில் போடும் ஒரு மருந்து வீட்டுக்குச் சுமை அல்ல.

"பிள்ளையளுக்குத் தொத்திப்போடும்" என்ற பயம் இன்னும் கொடுமையான இடத்தில் போய் முடிகிறது. பூனையைச் சாக்கில் கட்டி, குருநகர்ப் பக்கமோ வேறெங்கோ மீன்சந்தையடியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இலங்கையில் மனிதக் காதுக்குள் உண்ணி ஏறுவது உண்மைதான்; மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அவை இரத்தம் குடிக்கும், கண்ணுக்குத் தெரியும் வேறு வகை உண்ணிகள். பூனைக் காதின் சிற்றுண்ணி அல்ல. அதிகம் போனால், பூனையை அணைத்துப் படுக்கும் பிள்ளைக்குத் தோலில் சில நாள் கடியும் சிவப்பும் வரலாம். பூனைக்கு மருந்து போட்டால் அதுவும் நின்றுவிடும். வேண்டுமென்றே காதுக்குள் வைத்த லோபெஸிடமே அது நிலைக்கவில்லை. சந்தையடியில் விட்ட பூனையோ அங்குள்ள எல்லாப் பூனைக்கும் அதைக் கொடுக்கிறது. அங்கிருந்து ஒரு குட்டியை யாரோ இரக்கப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். "காதெல்லாம் ஊத்தை" என்று எண்ணெய்ப் போத்தலை எடுக்கிறார்கள்.

இந்தச் சுற்றை வீட்டுக்காரர் மட்டும் அறுக்க முடியாது. மருந்துக்கடைகளில் நாய் மருந்தைப் பூனைக்கென்று கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். சந்தையடிப் பூனைகளுக்குத் தினமும் சாப்பாடு வைக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மீன் தின்று கொண்டிருக்கும் பூனையின் பிடரியில் ஒரு சொட்டு விட அவர்களால் முடியும், மருந்தையும் அளவையும் வைத்தியர் கொடுத்தால் போதும். நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசிக்கு என்று நாய்களையும் பூனைகளையும் சனசமூக நிலைய வாசலுக்குக் கொண்டுவரும் நாட்கள் ஏற்கனவே உண்டு. ஊசி போடும் அந்த நேரத்திலேயே இரண்டு காதையும் மடித்துப் பார்க்கச் சொல்லி, கறுப்பு இருந்தால் ஒரு துண்டில் எழுதிக் கொடுக்கும்படி திணைக்களத்திடம் கேட்போம். அடுத்த முகாமுக்கு முதலே கேட்போம்.